பெட்டிக்குள் எடை போட வேண்டியது

மட்டாஞ்சேரி போன்ற துறைமுக ஊரில் ‘அசெம்பிள்டு’ கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பிராசஸரைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்க வருகிறவர் மூட்டையின் மேல் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுப்பதில்லை. சாக்குக்குள் கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். ஒரு லிட்டர் அளவில் நிரப்பித் தராசில் வைப்பார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 கிராம் என்றால் வேறு விலை. பார்வைக்கு இரண்டும் கறுப்பு மிளகுதான். உள்ளே பொக்கு எவ்வளவு என்பதை எடைதான் சொல்லும். தலைமுறை தலைமுறையாக வந்த இந்தச் சூட்சுமம், அதே வியாபாரி மகளுக்கோ குடோன் ஆபீசுக்கோ கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது எங்கோ நழுவிவிடுகிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே வர்ணம் மாறும் விளக்கு, வெளியே ‘ஐ7’ என்ற ஸ்டிக்கர். பேரம் முடிந்தது.

கம்ப்யூட்டர் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜூ டவுனில் 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேர வர்த்தகம் பல பத்தாண்டுகள் கூச்சலும் கைச்சைகையுமாக நடந்து, பிறகு திரைக்கு மாறியது. இன்று ஏற்றுமதி ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, சுங்கத் தாள்கள் எல்லாமே ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. மார்ச் மாதக் கடைசியில் அந்தப் பெட்டி புகைந்தால் போவது பெட்டியின் விலை மட்டுமல்ல.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எர்ணாகுளம் போகிறார்கள். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ படகுத்துறை திறந்தபின் பயணம் சுலபம். ஹைகோர்ட் துறையில் இறங்கி நடந்தால் ஷண்முகம் ரோட்டில் பென்டா மேனகா. சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லேமிங்டன் ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால் கொச்சிக்கு இது. பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “பட்ஜெட் எவ்வளவு?”

அசெம்பிள்டு பெட்டிக்கு இந்தியாவில் மவுசு வந்ததற்குக் காரணம் விலை. இறக்குமதித் தீர்வை கடுமையாக இருந்த காலத்தில் கம்பெனிப் பெட்டியை நினைத்துப் பார்க்க முடிந்தவர்கள் குறைவு. பாகங்களை வாங்கி மேஜை மேல் பரப்பி ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால் பாதியளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற நிலை. (தமிழோ மலையாளமோ அடிக்க வேண்டுமென்றால் அன்று தனியாக ஓர் அட்டை வேண்டும். சி-டாக் நிறுவனத்தின் ‘ஜிஸ்ட்’ கார்டை ஸ்லாட்டில் செருகினால்தான் இந்திய எழுத்து திரையில் வரும். இன்று எந்தப் பெட்டியும் எந்த மொழியும் பேசுகிறது.) 1997-ல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005-க்குள் தீர்வை படிப்படியாக நீங்கியது. விலை வித்தியாசமும் சுருங்கியது. எனவே டாலியும் மின்னஞ்சலும் மட்டும்தான் வேலை, பாகம் தேடி அலையப் பொறுமையில்லை என்பவர் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டியோடு ஒரு கம்பெனிப் பெட்டி வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. அசெம்பிள் செய்வதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எதில் சிக்கனம், எதில் தாராளம் என்று வாங்குகிறவரே தீர்மானிக்கலாம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். அந்த உரிமையைக் கடைக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர்தான் அதிகம்.

தீர்மானம் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். ஏலக்காய் ஏற்றுமதி ஆபீசுக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கும், விளையாடுகிற பையனுக்கும் அது வேண்டும். இதில் ஒரு பொடி வைத்த விஷயம் உண்டு. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் குறைவு என்று அதை வாங்கி, தனிக் கார்டும் போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது.

‘ஐ5’, ‘ஐ7’ என்பது குலப்பெயர் மாதிரி. எந்தத் தலைமுறை என்று கேட்காமல் அதற்கு அர்த்தமில்லை. 2022-ல் வந்த ஐ3-12100, 2013-ன் ஐ5-4570-ஐச் சுலபமாக முந்திவிடும். ஆனாலும் புதுப் பளபளப்பான கேபினெட்டுக்குள் 2011, 2012-ம் ஆண்டுகளின் ஐ7-ஐ வைத்து ‘புதிய கம்ப்யூட்டர்’ என்று விற்பது நாடு முழுக்க நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸரை ஏற்பதில்லை. அந்த ‘ஐ7’ வாங்குகிறவர் பெட்டியோடு ஒரு பிரச்னையையும் சேர்த்து வாங்குகிறார். பழைய சாமானில் இன்னொன்று: இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் சில தடுமாறி நிற்பதாக 2024-ல் புகார் கிளம்பி, கம்பெனி திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர் அந்தத் திருத்தம் போர்டில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்பது நல்லது.

மதர்போர்டு பிராசஸருக்கு ஜோடி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது, அதில் டிடிஆர்4 ரேம். 2022-ல் வந்த ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும். இரண்டு ரேமும் ஒன்றின் இடத்தில் ஒன்று நுழையாது, வெட்டே வேறு. முன்பெல்லாம் “புது சாக்கெட்டே போடுங்கள், பின்னால் பிராசஸர் மாற்றலாம்” என்று கண்ணை மூடிச் சொல்லலாம். 2025-ன் கடைசி மாதங்களில் அந்தக் கணக்கு தலைகீழானது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை வாரி எடுத்துக்கொள்ள, ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் சில்லறைக் கடைகளுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் கிடந்தால் அதற்கேற்ற போர்டு தேடுவது கஞ்சத்தனமல்ல. புதிதாக வாங்கினால் 16 ஜிபி-யை ஒரே பட்டையாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கலாம். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு பாதை கிடைத்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.2 என்விஎம்இ வகையில் 500 ஜிபி, பேர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருட வாரண்டி. வேகம் எவ்வளவு என்ற போட்டியெல்லாம் ஆபீஸ் வேலையில் தெரியாது. கணக்குப் புத்தகத்தின் நகல் வெளியே இன்னொரு டிஸ்கில் இருக்கிறதா என்பது தெரியும், ஒருநாள்.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லாரும் விசாரிப்பவை. மட்டாஞ்சேரியில் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பில்லின் கடைசி வரியில், சில சமயம் பில்லிலேயே இல்லாமல், ‘கேபினெட்டோடு ஃப்ரீ’யாக வருகிற எஸ்எம்பிஎஸ்.

சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கிப் பாகங்களுக்குப் பங்கிடும் இரும்புப் பெட்டி அது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க முழுக்க 12 வோல்ட் வரியில்தான் வாழ்கின்றன. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 15 ஆம்பியர் என்றால் பன்னிரண்டால் பெருக்கினால் 180 வாட். மீதி வாட்டெல்லாம் பொக்கு மிளகு. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 35 ஆம்பியரோ அதற்கு மேலோ இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலும் கொஞ்சம் தெரியும்: சுருளும் வெப்பத் தகடும் குறைந்த பெட்டி இறகு மாதிரி இருக்கும். ஆனால் எடை மட்டும் போதாது. கனத்துக்காக உள்ளே இரும்பு வைக்கத் தெரிந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

எவ்வளவு வாட் வேண்டும்? கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் பெட்டி முழுவேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடுவது அபூர்வம். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு 115 வாட் கேட்கும். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்கிறது என்விடியா. 850 வாட் வாங்கச் சொல்கிறவர் வாங்குகிறவரின் நன்மைக்காகத்தான் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. ‘80 பிளஸ்’ என்ற முத்திரை 2004-ல் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு, பாதி, முழுச் சுமை ஆகிய மூன்றிலும் குறைந்தது 80 சதவீதத் திறன் என்று பொருள். அது மின் சிக்கனத்துக்கான சான்றுதானே தவிர நீண்ட ஆயுளுக்கான சான்றல்ல. என்றாலும் அந்தச் சோதனையைத் தாண்டும் பெட்டியை மூன்றாந்தரச் சரக்கால் செய்வது கஷ்டம். ஐந்து வருட வாரண்டியும் சேர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மலிவான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாவதில்லை என்பதுதான் வினை. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் உப்பி, வோல்டேஜ் தாறுமாறாகி, காப்புச் சுற்றும் இல்லாவிட்டால் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். மின்தேக்கிகள் கம்பெனிப் பெட்டியையும் விட்டுவைத்ததில்லை. 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகம் முழுக்க தரக்குறைவான மின்தேக்கிகள் மதர்போர்டுகளில் வெடித்தன. ஆப்டிபிளெக்ஸ் பெட்டிகளைப் பழுது பார்க்க டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. சில காசு பெறும் உருப்படிக்காக.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியே இன்னொரு சங்கதி இருக்கிறது: எர்த். மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டு வீடுகளிலும் பண்டகசாலைகளின் மாடியில் ஒதுக்கிய ஆபீஸ் அறைகளிலும் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்பது வேறு விஷயம். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுவது பலருக்குப் பழகிப்போயிருக்கும். “லேசா ஷாக் அடிக்கும், ஒண்ணும் பண்ணாது.” ஏன் அடிக்கிறது? மின் இரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு பாதி வோல்டேஜில், சுமார் 115-ல், மிதந்துகொண்டிருக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அதே பெட்டியில் உண்மையான பழுது வந்து பேஸ் உடம்பைத் தொட்டால், தடுக்க ஒன்றுமில்லை. ஈரத் தரை, வெறுங்கால், பள்ளிக்கூடப் பிள்ளை. எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் குழி, பிறகு கம்ப்யூட்டர். ஓர் உயர்ரகப் பிராசஸருக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பாலும் அந்தச் செலவு அடங்கிவிடும்.

கேரளத்தின் இடி வேறு ஜாதி. அக்டோபரிலிருந்து மே வரை பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் நடுவே மின்னலை எதிர்பார்க்கச் சொல்கிறது மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரமும் அதுவே. ‘ஸ்பைக் கார்டு’ என்று விற்கும் பலகைக்குள் இருக்கும் சிறு தடுப்பு, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். விளக்கு எரிவதால் தடுப்பு உயிரோடிருக்கிறது என்று பொருளில்லை. பக்கத்தில் இடி விழுந்தால் எந்தப் பலகையும் காப்பாற்றாது. பிளக்கைப் பிடுங்குவதுதான் வைத்தியம். முன்பு செம்புக் கம்பி வழியாக இன்டர்நெட் வந்தபோது மின்னல் அந்த வழியாகவும் நுழைந்து மோடத்தையும் போர்டையும் சுட்டது. இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. மோடத்தின் அடாப்டரைப் பிடுங்க மறக்காமல் இருந்தால் சரி.

யுபிஎஸ் வாங்கும்போது ‘600 விஏ’ என்பதை 600 வாட் என்று படிக்கக் கூடாது. வழக்கமாக அதில் கிடைப்பது 360 வாட். ஆபீஸ் பெட்டிக்கும் மானிட்டருக்கும் அது பத்துப் பதினைந்து நிமிடம் தரும். கோப்பை மூடி அணைக்கத்தான் அந்த நேரம்; படம் பார்க்க அல்ல. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ என்ற சுற்று உண்டு. மலிவான யுபிஎஸ் பாட்டரிக்குத் தாவும்போது தரும் படிக்கட்டு அலையை அவற்றில் சில ஒப்புக்கொள்வதில்லை, பொசுக்கென்று அணைந்துவிடும். நல்ல பாகம் வாங்கியும் ஏமாந்ததாகத் தோன்றும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டையும் சேர்த்து, ஓடும்போது சுவர் ஸ்விட்சை அணைத்துப் பார்க்கச் சொன்னால் தீர்ந்தது. தயங்குகிற கடை வேறு விஷயங்களிலும் தயங்கும்.

இனி காற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, மூன்று பக்கமும் தண்ணீர், உப்பு. கேபினெட்டின் ஃபேன்கள் இந்தக் காற்றை இழுத்து உள்ளே ஊதுகின்றன. பஜார் ரோடு பக்கம் என்றால் அதோடு சுக்கு, மிளகாய், மஞ்சள் தூசி. தூசி மட்டும் இருந்தால் சூடுதான் ஏறும். ஈரமும் உப்பும் சேர்ந்த தூசி லேசாக மின்சாரமும் கடத்தும். ரேம் பட்டையின் முனைகள் மங்கி, ஒரு காலையில் பெட்டி ‘பீப்’ அடித்து நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பட்டையை எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் பாதி நேரம் ஓடிவிடும். ‘போர்டு போச்சு’ என்ற தீர்ப்பை ஏற்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். வாரண்டிக்குக் கொண்டுபோனால் துரு, எரிந்த தடம் இரண்டையும் பொதுவாகக் கம்பெனிகள் ஏற்பதில்லை. ஆகவே கேபினெட்டில் தேட வேண்டியது முன்னால் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும். முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டி ஏசி அறையில் அழகு. ஓட்டு வீட்டில் அடுப்பு. பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளின் தகடுகளைக் கழற்றிவிட்டு மூடாமல் விடுகிறார்கள். பல்லியும் எறும்பும் அந்த வாசலை அறியும், கதகதப்பான எஸ்எம்பிஎஸ் அவற்றுக்குப் பிடித்த இடம்.

பெட்டியைத் தரையில் வைப்பது இங்கே ஆகாது. மழையும் வேலியேற்றமும் (கடல்நீர் ஏற்றத்துக்கு மலையாளிகள் சொல்லும் பெயர்) ஒன்றாக வரும் நாளில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியாது. ஒரு முழம் உயரத்தில் ஸ்டூல் போதும். இடவப்பாதி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடி வைப்பதைவிட தினம் அரை மணி ஓடவிடுவது மேல். உள்ளே வரும் சூடு ஈரத்தை விரட்டும்.

பில் விஷயத்தில் மட்டாஞ்சேரிக்காரருக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனாலும் ‘பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் மிச்சம்’ என்ற பேச்சுக்கு இங்கேயும் காது கொடுக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி ஆபீசுக்கு வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாதவருக்கும் பில்தான் வாரண்டி. ‘கம்ப்யூட்டர் செட் - 1’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லால் பயனில்லை. பிராசஸர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வேறு, வாரண்டி காலம் வேறு. ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும், காலி அட்டைப் பெட்டிகளும் வீட்டுக்கு வர வேண்டும்.

விண்டோஸ் 11 ஒப்புக்கொள்ளாத பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் உடனே கடைக்கு ஓட வேண்டியதும் இல்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். ‘கைட்’ நிறுவனம் தரும் பதிப்பு இலவசம். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதற்கு ஓட்டத் தெரிந்திருக்கும். அப்பாவுக்குத்தான் டாலி நினைவு வந்து சங்கடப்படும். அப்படியும் புதிதுதான் வேண்டும் என்றால் பழைய பெட்டியிலிருந்து மானிட்டர், கேபினெட், கீபோர்டு, நல்ல நிலையில் உள்ள எஸ்எஸ்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு மழைக்காலம் பார்த்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும்.